மேகம் வரைந்து காட்டும் காற்று

சூப்பர்செல் என்னும் சுழலும் இடிமழை மேகத்தின் நல்ல படம் ஒன்றைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அது உண்மையா, கணினியில் செய்ததா என்பதுதான். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. தரைக்கு மேலே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்தில் தட்டையான அடிப்பகுதி, அதிலிருந்து வரிவரியாகச் சுற்றிக்கொண்டு மேலேறும் கோபுரம், அதன் தலையில் நூறு கிலோமீட்டருக்கும் மேல் பரவிக் கிடக்கும் பனித்துகள் கூரை என்று எல்லாம் திட்டமிட்டுக் கட்டியதுபோல் தெரியும்போது மனம் தயங்கத்தான் செய்யும். ஆனால் அந்த வடிவில் காரணமில்லாத கோடு என்று ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு விளிம்பும் ஒவ்வொரு வரியும் அந்த இடத்தில் காற்று என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. எந்தப் பகுதி எதனால் உருவாகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே இந்த மேகங்களின் படங்கள் தேறத் தொடங்குகின்றன என்பது நான் இவற்றைப் படமெடுத்துக் கற்றுக்கொண்ட முதல் பாடம். நல்ல கேமராவும் நல்ல லென்ஸும் அதற்கு அடுத்தபடிதான்.

தொலைவிலிருந்து பார்த்தால் மேகம் ஒரு திடப்பொருள்போலத் தோன்றும். உண்மையில், ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து அதிலுள்ள நீராவி துளிகளாக மாறும் இடத்தில் மேகம் தோன்றுகிறது. காற்று கீழிறங்கி வெப்பமடையும் இடத்தில் துளிகள் ஆவியாகி மேகம் மறைகிறது. ஒரு மணிநேரமாக ஒரே கோபுரம் நிற்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஒரு மணிநேரத்தில் கோடிக்கணக்கான டன் காற்று அதனூடே புகுந்து வெளியேறியிருக்கும். சூப்பர்செல்லைப் படமெடுப்பவர் கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டத்தைத்தான் படமெடுக்கிறார். மேகம் அதற்குச் சாயம் ஏற்றிக் கொடுக்கிறது.

சாதாரண இடிமழை மேகத்தின் ஆயுள் குறைவு. இதை முதன்முதலில் முறையாக அளந்து காட்டியது, அமெரிக்காவில் 1946இல் ஃபுளோரிடாவிலும் 1947இல் ஒஹையோவிலும் விமானங்களை இடிமேகங்களுக்குள்ளேயே செலுத்தி நடத்தப்பட்ட பெரிய ஆய்வு. ஹோரஸ் பையர்ஸ், ராஸ்கோ பிரஹாம் ஆகியோரின் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, ஒவ்வொரு மேகக் கலமும் வளர்ச்சி, முதிர்ச்சி, சிதைவு என்ற மூன்று கட்டங்களைக் கடந்து பொதுவாக ஒரு மணிநேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்று காட்டியது. காரணம் எளிது. மேலேறும் காற்று உருவாக்கிய மழை, அந்தக் காற்றின் மேலேயே விழுகிறது. விழும் மழை இழுத்து வரும் குளிர்ந்த காற்று, மேகத்துக்கு உணவான வெப்ப ஈரக்காற்றை அடியிலேயே துண்டித்துவிடுகிறது.

சூப்பர்செல் இந்த விதியிலிருந்து தப்புவது, உயரம் கூடக்கூடக் காற்றின் வேகமும் திசையும் மாறுகிற சூழலில் அது பிறப்பதால்தான். வானிலை ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தை விண்ட் ஷியர் என்பார்கள். தரைக்கும் ஆறு கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையே காற்றின் திசைவேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் அளவுக்கு வேறுபாடு இருந்தால், மேலேறும் காற்றிலிருந்து மழையும் ஆலங்கட்டியும் பக்கவாட்டில் அடித்துச் செல்லப்பட்டுத் தொலைவில் விழுகின்றன. மேலேறும் காற்றின் பாதை திறந்தே இருக்கிறது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் நடக்கிறது. கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் காற்று வீசும்போது, இடைப்பட்ட அடுக்குகளில் தரைக்கு இணையான அச்சைக் கொண்ட சுழற்சி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நிலவுகிறது. வலுவான மேலெழு காற்று அந்தக் கிடைச் சுழற்சியைத் தன்னோடு தூக்கி நிமிர்த்திவிடுகிறது. நிமிர்ந்த சுழற்சி மேலெழு காற்றோடு ஒன்றாகக் கலந்து முழுக் கோபுரமும் சுழலத் தொடங்கும்போது, அதற்கு மீசோசைக்ளோன் என்று பெயர். சில கிலோமீட்டர் விட்டமுள்ள, நீடித்துச் சுழலும் இந்த மேலெழு காற்றுதான் சூப்பர்செல்லின் அடையாளம். பெரிய மேகமாக இருப்பதோ, கடுமையாக மின்னுவதோ, தரையைத் தொடும் கடும் சுழற்காற்றான டொர்னாடோவை இறக்குவதோ அல்ல. மீசோசைக்ளோன்களில் பெரும்பாலானவை டொர்னாடோவை உருவாக்காமலேயே முடிந்துவிடுகின்றன.

சுழற்சியின் திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட அரைக்கோளத்து சூப்பர்செல்கள் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்வதைப் பூமியின் சுழற்சி நேரடியாகச் செய்யும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஜோசப் கிளெம்ப், ராபர்ட் வில்ஹெல்ம்சன் ஆகியோர் 1970களில் செய்த கணினி உருவகங்களும் அதைத் தொடர்ந்து ரிச்சர்ட் ரொட்டுன்னோ கிளெம்புடன் சேர்ந்து செய்த ஆய்வுகளும் வேறு விளக்கத்தைத் தந்தன. காற்றின் வேகம் மட்டும் மாறித் திசை மாறாத சூழலில் ஒரு மேகம் இரண்டாகப் பிளந்து, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரு மேகங்களாக, ஒன்று வலப்புறமும் மற்றொன்று இடப்புறமும் விலகிச் செல்கிறது. உயரத்தோடு காற்றின் திசையும் வலச்சுற்றாகத் திரும்பினால், வலப்புறம் செல்லும் மேகம் வலுப்பெற்று மற்றது தளர்கிறது. வட அரைக்கோளத்தின் சமவெளிகளில் அப்படிப்பட்ட காற்றமைப்பே அதிகம். அர்ஜென்டினாவின் கோர்டோபா மலைத்தொடருக்குக் கிழக்கே எழும் சூப்பர்செல்களில் இந்த ஏற்பாடு கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக இருக்கும். அங்கே படமெடுக்கப் போகிறவர் வடக்கையும் தெற்கையும் மனத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டால்தான் சரியான இடத்தில் நிற்க முடியும்.

சூப்பர்செல்கள் உலகின் பல பகுதிகளிலும் எழுகின்றன. வங்கதேசச் சமவெளியிலும் ஐரோப்பாவிலும் அவை புதியவை அல்ல. ஆனாலும் கட்டமைப்பைப் பார்ப்பதற்கு அமெரிக்காவின் பெருஞ்சமவெளியை மிஞ்சிய இடம் இல்லை. வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தாழ்வாக வடக்கு நோக்கி வருகிறது. அதற்கு மேலே தென்மேற்குப் பீடபூமிகளிலிருந்து வரும் சூடான உலர்ந்த காற்று ஒரு மூடிபோல் அமர்ந்து, பிற்பகல்வரை சிறு மேகங்கள் எழவிடாமல் அடக்கி வைக்கிறது. மூடி உடையும்போது, சேர்த்து வைத்த ஆற்றல் முழுவதும் ஒன்றிரண்டு மேகங்களுக்கே போகிறது. அதனால் அவை தனித்து நிற்கின்றன. மரங்களும் மலைகளும் மறைக்காத நிலம், சதுரக் கட்டங்களாக ஓடும் சாலைகள், தனித்து நிற்கும் மேகம் ஆகிய மூன்றும் ஒருசேரக் கிடைப்பது அரிது.

வட அரைக்கோளத்தில், வடகிழக்கு நோக்கி நகரும் ஒரு சூப்பர்செல்லுக்குத் தென்கிழக்கே நின்று வடமேற்கைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வலப்புறம், அதாவது வடக்கிலும் வடகிழக்கிலும், சாம்பல் நிறத் திரையாக மழையும் ஆலங்கட்டியும் விழுகின்றன. அது முன்பக்கக் கீழிறங்கு காற்றின் பகுதி. இடப்புறம், மழையே இல்லாத, கத்தியால் வெட்டியதுபோல் தட்டையான கரிய அடிப்பகுதி இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களின் கண் மழைத்திரையிலேயே நிற்கும். பழகிய கண் மழையில்லாத இடத்துக்குப் போகும். மேகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மழையில்லாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே மேலேறும் காற்று நொடிக்கு 50 மீட்டரைக்கூடத் தாண்டக்கூடிய வேகத்தில் ஏறுவதால் துளிகள் விழ வழியில்லை என்பதுதான். ரேடாரில் அதே இடம் சுற்றிலும் வலுவான எதிரொலிகள் சூழ்ந்த வெற்றிடமாகத் தெரியும். மேலேறும் வேகத்தில் துளிகள் பெரிதாக வளர நேரமே கிடைப்பதில்லை.

அடிப்பகுதியின் நடுவே, அதைவிடத் தாழ்ந்து தொங்கும் பாகம் சுவர் மேகம். மழையால் குளிர்ந்து ஈரம் கூடிய காற்றின் ஒரு பகுதியையும் மேலெழு காற்று இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று ஏற்கெனவே ஈரமானது என்பதால் குறைந்த உயரத்திலேயே மேகமாகிவிடுகிறது. அதனால்தான் அந்த இடத்தில் மட்டும் மேகத்தின் அடி இறங்கி வருகிறது. மழைத்திரையின் பக்கத்திலிருந்து சுவர் மேகத்தை நோக்கி நீளும் தாழ்ந்த வால் மேகமும் இதே காற்று வரும் வழியைக் காட்டுகிறது. சுவர் மேகத்துக்குப் பின்னால், தென்மேற்கிலிருந்து, உலர்ந்த காற்று கீழிறங்கி மேகத்தைச் சுற்றிக்கொண்டு வரும்போது, கரிய அடிப்பகுதியில் திடீரென வெளிச்சமான பிறை வடிவ இடைவெளி ஒன்று திறக்கும். அது பின்பக்கக் கீழிறங்கு காற்று. டொர்னாடோ உருவாகுமானால் இந்த இடைவெளியின் விளிம்பை ஒட்டியே பெரும்பாலும் உருவாகும். அந்தப் பிறை திறக்கும் கணம்தான் கட்டமைப்புப் படத்துக்கும் மிகச் சிறந்த கணம் என்பது என் கருத்து. ஏறும் காற்றும் இறங்கும் காற்றும் ஒரே சட்டகத்தில் அருகருகே வெளிச்சமும் இருளுமாகப் பிரிந்து தெரிவது அப்போது மட்டும்தான்.

கண்ணை மேலே கொண்டுசென்றால் கோபுரம். சில சூப்பர்செல்களில் அதன் பக்கங்கள் காலிஃபிளவர்போல் கொப்பளிக்காமல் வழவழப்பாக, சாய்ந்த வரிகளோடு, குயவன் சக்கரத்தில் விரல் தடத்தோடு உயரும் களிமண்ணைப் போலச் சுற்றிக்கொண்டு ஏறும். தரையருகே உள்ள காற்று தானாக மிதந்தெழ முடியாத அளவு நிலைப்பட்டதாக இருந்தும், மேலே உள்ள சுழற்சி அதை வலிந்து உறிஞ்சித் தூக்கும்போது அது கலங்காமல் அடுக்கடுக்காகவே ஏறுகிறது. மாலை முற்றி நிலம் குளிரத் தொடங்கும் வேளையில் இந்த வரிகள் அதிகம் துலங்குவதற்கும் இதுவே காரணம். உச்சியில், அடிவளி மண்டலத்தின் எல்லையான 12 முதல் 15 கிலோமீட்டர் உயரத்தில், காற்று மேலே போக முடியாமல் பக்கவாட்டில் விரிந்து பட்டடை வடிவக் கூரையாகிறது. மேலெழு காற்றின் நேர் மேலே மட்டும் அது தன் வேகத்தால் எல்லையைத் தாண்டிக் குமிழாக எட்டிப் பார்க்கும். அந்தக் குமிழ் அடங்காமல் பத்து நிமிடங்களுக்கு மேல் நின்றால் கீழே உள்ள இயந்திரம் முழு வேகத்தில் ஓடுகிறது என்று கொள்ளலாம். கூரையின் அடியில் பைபைகளாகத் தொங்கும் மாமட்டஸ் மேகங்கள் படத்துக்கு அழகானவை. ஆனால் அவற்றை டொர்னாடோவின் அறிகுறியாகச் சொல்வது தவறு.

சுவர் மேகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த விவரங்களெல்லாம் உடலில் ஏறும். மேற்குக் கான்சாஸில் ஒரு மாலை, அடிப்பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மண்சாலையோரம் நின்றிருந்தேன். பின்னாலிருந்து வெதுவெதுப்பான காற்று சீராக வீசி, சாலையோரப் புல் முழுவதையும் மேகத்தை நோக்கிச் சாய்த்திருந்தது. அடிப்பகுதிக்குக் கீழே கிழிந்த பஞ்சுபோன்ற மேகத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. சுழற்சி இருக்கிறதா என்று சோதிக்க ஒரு துணுக்கைத் தேர்ந்தெடுத்து, அதை ஒரு மின்கம்பத்தின் உச்சியோடு பொருத்தி வைத்து, தலையை அசைக்காமல் பார்த்தேன். முதலில் அது கம்பத்துக்கு வலப்பக்கம் நகர்ந்தது. சற்று நேரத்தில் அதற்குப் பின்னால் இருந்த இன்னொரு துணுக்கு அதே உயரத்தில் இடப்பக்கமாகப் போனது. முன்னே உள்ளது வலப்புறமும் பின்னே உள்ளது இடப்புறமும் போகிறதென்றால் மேகம் சுழல்கிறது என்பதில் ஐயமில்லை. முன்னதும் பின்னதும் ஒரே பக்கம் போயிருந்தால் அது காற்றில் அடித்துச் செல்லப்படும் வெறும் கிழிசல் மேகம். இந்தச் சோதனைக்கு ஒரு கம்பமும் இரண்டு நிமிடப் பொறுமையும் போதும். பிறகு புல் நிமிர்ந்தது, ஒரு கணம் காற்றே இல்லை, அடுத்த நொடி எதிர்ப்பக்கத்திலிருந்து மழை வாசனையோடு குளிர்காற்று முகத்தில் அறைந்தது. பின்பக்கக் கீழிறங்கு காற்று நான் நின்ற இடத்தை எட்டிவிட்டது. வண்டியை எடுக்க வேண்டிய நேரம்.

இந்தப் பாகங்களுக்குப் பெயர் கிடைத்ததே புகைப்படங்களால்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1957 ஜூன் 20 அன்று வட டகோட்டாவின் ஃபார்கோ நகரை ஒரு டொர்னாடோ தாக்கியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜப்பானிய அறிவியலாளர் டெட் ஃபுஜிட்டா, அன்று நகரத்து மக்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டினார். ஒவ்வொரு படமும் எந்த இடத்திலிருந்து, எந்தத் திசையில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருந்தது, எப்படிச் சுழன்றது என்று கணக்கிட்டார். சுவர் மேகம், வால் மேகம் ஆகிய பெயர்கள் 1960இல் வெளியான அந்த ஆய்விலிருந்து வந்தவை. படமெடுத்தவர்கள் அறிவியலாளர்கள் அல்லர்; வீட்டு வாசலிலும் தெருவிலும் நின்றவர்கள். மேகம் எப்படித் தெரிந்ததோ அப்படியே அவர்கள் பதிவு செய்திருந்ததால்தான் அந்தக் கணக்கு சாத்தியமாயிற்று.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் கீத் பிரௌனிங், 1959இல் வோக்கிங்ஹாம் நகரின் மேல் சென்ற ஆலங்கட்டிப் புயலின் ரேடார் பதிவுகளை ஆராய்ந்து, நீடித்து நிலைக்கும் ஒரே பெரிய கலத்தின் அமைப்பை விளக்கி, சூப்பர்செல் என்ற பெயரையும் கொடுத்தார். 1973 மே 24 அன்று ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியில் இறங்கிய டொர்னாடோவை, தேசியக் கடும்புயல் ஆய்வகத்தின், காற்று நெருங்குவதையும் விலகுவதையும் அளக்கும் டாப்ளர் ரேடார் உள்ளிருந்தும், களத்தில் நின்ற குழுக்கள் வெளியிலிருந்தும் ஒரே நேரத்தில் பதிவு செய்தன. கண்ணுக்குத் தெரிந்ததும் ரேடாருக்குத் தெரிந்ததும் முதன்முறையாக முழுமையாகப் பொருத்திப் பார்க்கப்பட்டன. லெஸ்லி லெமனும் சார்ல்ஸ் டாஸ்வெலும் 1979இல் வரைந்த சூப்பர்செல் படம் இன்றும் பயிற்சி வகுப்புகளில் பயன்படுகிறது. அதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு களத்துக்குப் போவது எந்த லென்ஸையும்விடப் பெரிய உதவி.

இனி நிற்கும் இடம். புதியவர்கள் எல்லோரும் நெருங்கிப் போகவே விரும்புகிறார்கள். கணக்கைப் பார்த்தால் அது ஏன் பயன்தராது என்று விளங்கும். 12 கிலோமீட்டர் உயரமுள்ள மேகம் 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்து தொடுவானத்துக்கு மேல் 31 பாகை உயரத்துக்குத் தெரியும். 10 கிலோமீட்டரிலிருந்து 50 பாகை. 5 கிலோமீட்டரிலிருந்து 67 பாகை. முழுச்சட்டகக் கேமராவை (36 × 24 மி.மீ. உணரி கொண்டது) கிடையாகப் பிடித்தால், 24 மி.மீ. லென்ஸ் செங்குத்தாக 53 பாகையும் 16 மி.மீ. லென்ஸ் 74 பாகையும் காட்டும். நிலத்துக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஆக, அடியிலிருந்து உச்சிவரை ஒரே சட்டகத்தில் வேண்டுமென்றால் 15 முதல் 25 கிலோமீட்டர் தொலைவுதான் வசதி. அதைவிட நெருங்கினால் உச்சி நம் தலைக்கு மேலே போய்விடும், அல்லது கேமராவை அண்ணாந்து பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது அகலக்கோண லென்ஸ் கோபுரத்தின் சாய்வைப் பொய்யாகக் காட்டும். சாய்வு இங்கே அலங்காரம் அல்ல. மழை மேலெழு காற்றிலிருந்து விலகி விழுவதைக் காட்டும் சான்று. அதனால் தொடுவானத்தை மட்டமாக வைத்துக்கொண்டு எடுத்துப் பிறகு கீழ்ப்பகுதியை வெட்டிக்கொள்வதே என் வழக்கம். நெருங்க நேர்ந்து, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துப் பல சட்டகங்களை இணைத்துப் பரந்த படமாக்குவதானால், எல்லாவற்றையும் சில நொடிகளுக்குள் எடுத்துவிட வேண்டும், மேகம் காத்திருக்காது.

ஒளி இரண்டு வகையில் உதவுகிறது. மாலையில் தென்கிழக்கே நின்றால் சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருக்கும். அடிப்பகுதி, சுவர் மேகம், பிறை இடைவெளி ஆகியவை வெளிச்சத்துக்கு எதிரே கரிய வடிவங்களாகத் துல்லியமாகத் தெரியும். ஆனால் கோபுரத்தின் முகம் இருண்டிருக்கும். மேகத்துக்குத் தெற்கேயோ தென்மேற்கேயோ போய்விட்டால், சாயும் வெயில் கோபுரத்தின் பக்கத்தில் தடவிச் சென்று ஒவ்வொரு வரியையும் நிழலோடு எடுத்துக் காட்டும். இந்த இரண்டாவது ஒளியையே நான் தேடிப் போகிறேன். மேகமும் நகர்வதால், சூரியன் மறைவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் எங்கே நின்றால் அந்தக் கோணம் கிடைக்கும் என்று முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

எல்லா சூப்பர்செல்லும் ஒரே மாதிரி தெரிவதில்லை. மழை குறைந்த வகையில் கோபுரம் முழுவதும் திறந்து கிடக்கும். படமெடுப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை. நடுத்தர வகையில் மழையும் கோபுரமும் சமமாகப் பிரிந்திருக்கும். மழை மிகுந்த வகையில் மீசோசைக்ளோனே மழைத்திரைக்குள் மறைந்துவிடும், உள்ளே டொர்னாடோ இருந்தாலும் தெரியாது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே உருவான டொர்னாடோ 4.2 கிலோமீட்டர் அகலம் கொண்டதாக அளக்கப்பட்டது. மழை சூழ்ந்த அது சடுதியில் விரிந்து திசையும் வேகமும் மாறியதில், நீண்ட அனுபவம் வாய்ந்த ஆய்வாளர் டிம் சமராஸும் அவருடன் சென்ற மற்ற இருவரும் உயிரிழந்தனர். அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அன்று களத்தில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. கட்டமைப்பு கண்ணுக்குத் தெரியாதபோது விலகிவிட வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். தெரியாததைப் படமெடுக்கவும் முடியாது.

எக்ஸ்போஷரைப் பொறுத்தவரை, அடிப்பகுதியின் இருளுக்கும் பட்டடை ஓரத்து வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடுதான் முதல் சிக்கல். வெளிச்சமான பகுதி வெளுத்துவிடாமல் ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்த்து அமைத்துக்கொண்டு, நிழல்களை ராவ் கோப்பிலிருந்து, அதாவது கேமராவின் மூலப்பதிவிலிருந்து, மீட்டுக்கொள்வது பாதுகாப்பானது. இருட்டிய பிறகு மின்னலுக்காக ஷட்டரை அரைநிமிடம் திறந்து வைப்பது பலரின் பழக்கம். கட்டமைப்பு வேண்டுமென்றால் அது ஆகாது. 20 கிலோமீட்டர் தொலைவில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுழலும் மேகம், 16 மி.மீ. லென்ஸில், 6,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3 பிக்சல் நகரும். மூன்று நான்கு நொடிகளில் வரிகள் தாங்கும். முப்பது நொடிகளில் அவை பாலாடைபோல் குழைந்துவிடும். ஆகவே ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறனை, கூட்டி ஷட்டர் நேரத்தைக் குறைத்து, அடுத்தடுத்துப் பல படங்களை எடுக்கிறேன். மேகத்துக்குள் அடிக்கும் மின்னல், உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் கோபுரத்தை ஒரே கணத்தில் ஒளியூட்டும். அந்த ஒளியில் கிடைக்கும் ஆழம் பகலில் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று நொடிக்கு ஒரு படம் என்ற கணக்கில் எடுத்து ஓடவிட்டால், கண்ணால் ஐயத்தோடு பார்த்த சுழற்சி ஐயமின்றித் தெரியும். என்னைக் கேட்டால், ஒற்றைப் படத்துக்கு முன்பே இந்த டைம்லாப்ஸை ஓடவிட்டுவிட வேண்டும்.

மின்னலைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். பட்டடைக் கூரையிலிருந்து கிளம்பும் மின்னல், மழையிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நீலவானத்தின் கீழ் நிற்பவரையும் தாக்கக்கூடும். நல்ல காட்சி கிடைக்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கூரையின் கீழேதான் இருக்கிறது. வெட்டவெளியில் ட்ரைபாடின் பக்கத்தில் நிற்பதைவிட, கேமராவைத் தானாக ஓடவிட்டு மூடிய காருக்குள் உட்கார்ந்திருப்பது மேல்.

பிறகு கணினியில் செய்யும் வேலை. இங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மூட்டத்தை நீக்கும் கருவியையும் நுண்மாறுபாட்டையும் எல்லைவரை இழுத்துவிட்டால், சாதாரண கிழிசல் மேகம் சுவர் மேகம்போல் கூர்மையாகிவிடும்; மழைத்திரைக்கும் மேக விளிம்புக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடும். மழைத்திரையின் விளிம்பு இயல்பிலேயே மங்கலானது, மேலெழு காற்றின் விளிம்பு இயல்பிலேயே கூரியது. அந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் எது ஏறுகிறது, எது விழுகிறது என்று பார்வையாளர் பிரித்தறிகிறார். இரண்டையும் ஒரே கூர்மைக்குக் கொண்டுவந்த படத்தில் மேகம் இருக்கும், காற்று இருக்காது. ஆலங்கட்டிப் பகுதியில் தெரியும் நீலப்பச்சை நிறத்தையும் அப்படியே விட்டுவிடுவது நல்லது. அது தானாகவே போதிய அளவு விசித்திரமானது.

ஒவ்வொரு படத்தோடும் நேரத்தை நொடிவரை சரியாக வைத்திருப்பதும், நின்ற இடத்தையும் கேமரா பார்த்த திசையையும் குறித்து வைப்பதும் என் வேலையின் பாதி. அமெரிக்க வானிலை ரேடார்களின் மூலப்பதிவுகள் எவரும் எடுத்துப் பார்க்கக்கூடியவையாகச் சேமிக்கப்படுகின்றன. கடும்புயல் வேளையில் அந்த ரேடார்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானத்தை முழுவதுமாக வருடுகின்றன. வீடு திரும்பியதும் அந்தந்த நேரத்துப் பதிவைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கான்சாஸில் எடுத்த அந்த மாலையின் படத்தில் சுவர் மேகத்துக்கு இடப்புறம் பிறை இடைவெளி திறந்திருக்கிறது. அதே நிமிடத்து ரேடார் பதிவில் மழையின் தென்மேற்கு ஓரம் கொக்கிபோல் வளைந்து, கொக்கியின் உள்வளைவில், என் கேமரா பார்த்த திசைக்கோட்டின் மேலேயே, நெருங்கி வரும் காற்றும் விலகிப் போகும் காற்றும் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. சுழற்சி இருந்த இடம் நான் களத்தில் மதிப்பிட்டதைவிடச் சற்று வடக்கே, மழையை ஒட்டி இருக்கிறது. வால் மேகம் அந்தப் பக்கம் நீண்டிருந்ததற்கான காரணமும் அதிலேயே தெரிகிறது.